ராசியில்லாத கை என்று ஒரு கை இல்லை

“எங்க வீட்டுக்குக் கோழி ராசி இல்லைங்க.”

கொங்குப் பக்கம் போனாலும் இதைக் கேட்கலாம், தஞ்சாவூர்ப் பக்கமும் கேட்கலாம், நெல்லைச் சீமையிலும் கேட்கலாம். சொல்பவர் பெரும்பாலும் ஒரு பெண். சிறுவாட்டுப் பணத்தில் பத்துக் குஞ்சு வாங்கியிருப்பார். சோறு ஆறுவதற்கு முன்னால் குஞ்சுக்குக் குருணை வைத்திருப்பார். ஒரு வாரத்துக்குள் பாதி போயிருக்கும். மிச்சத்தைக் கழிச்சல் கொண்டுபோயிருக்கும். அப்போது வீட்டில் யாரோ ஒருவர், ‘உன் கையில எதுவும் தங்காது’ என்று ஒரு சொல்லை வீசியிருப்பார். குஞ்சு தங்கவில்லை, அந்தச் சொல் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை வருஷமானாலும் கொல்லையில் கோழி கிடையாது.

அக்கா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தக் குஞ்சுகளை எந்த மாதத்தில் வாங்கினீர்கள்?

சித்திரை என்பீர்கள். இல்லாவிட்டால் ஐப்பசி என்பீர்கள். பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அப்படியானால் உங்கள் கைமேல் போட்ட பழியை இந்த நிமிடமே தூக்கி எறியுங்கள். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அனல் அடிக்கும் மாதத்திலோ அடைமழை மாதத்திலோ ஒருநாள் குஞ்சை வாங்கி வந்தால் எந்தக் கையிலும் அது தங்காது. மாற்ற வேண்டியது மாதத்தை. கை அப்படியே இருக்கட்டும், அது நல்ல கை.

இந்த அவநம்பிக்கை சின்ன வயதிலேயே ஊன்றப்படுகிறது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடம் முழு ஆண்டு விடுமுறை விட்டதும், ஏப்ரல் மே வெயிலில், சைக்கிளிலோ மொபெட்டிலோ கூடை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கலர்க் குஞ்சு விற்க ஒருவர் வருவார். பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள் கூடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கத்தும். குழந்தை அடம்பிடித்து இரண்டு வாங்கும். அட்டைப்பெட்டியில் வைத்து அரிசி போடும், மூடியில் தண்ணீர் ஊற்றும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுவிடும். அவை பெரும்பாலும், முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் வேண்டாம் என்று கழித்துவிடும் சேவல் குஞ்சுகள். தாயின் இறக்கைச் சூடு கண்டதில்லை, தடுப்பு மருந்து கண்டதில்லை, கூடைக்குள் தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் ஊர் சுற்றியவை. நாற்பது வருஷம் கோழி வளர்த்த பாட்டியிடம் கொடுத்தாலும் பிழைப்பது அரிது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ‘நாம வளர்த்தா செத்துடும்’ என்ற ஒன்றை மட்டும் அது நெஞ்சில் எழுதிக்கொள்கிறது. வளர்ந்து, கல்யாணமாகி, கொல்லையோடு ஒரு வீடும் அமைந்த பிறகு கோழிப் பேச்சு எடுத்தால், ‘அதெல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்று எழுந்து போகிறது. ஒரு தப்பான மாதத்துக்கு ஒரு மனுஷியின் தைரியத்தையே விலையாகக் கொடுப்பதா? கொடுக்கக் கூடாது!

கோடை ஏன் குஞ்சை எடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரிந்த இடத்தில் பயம் நிற்காது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடே சுமார் 41 டிகிரி செல்சியஸ். கரூர் பரமத்தியிலும் வேலூரிலும் திருத்தணியிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள அதற்கு ஒரே வழிதான்: வாயைத் திறந்து இரைக்க வேண்டும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட வேண்டும். தீனி குறையும், முட்டை குறையும், ஓடு மெலியும். வளர்ந்த கோழிக்கே இந்தப் பாடு. இறகு முளைக்காத குஞ்சு, பயணக் களைப்போடு உங்கள் வாசலில் இறங்கியதும் இந்த அனலைத் தாங்குமா? நாளெல்லாம் முட்டை லாரி கிளம்பும் நாமக்கல்லில் பண்ணைக்காரர்களே கோடையில் கூரைமேல் தண்ணீர் தெளித்து, கொட்டகைக்குள் நீர்ப்புகை அடித்துத்தான் கோழியைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கே அத்தனை போராட்டம் என்றால், அட்டைப்பெட்டியோடு நின்ற உங்களை நீங்களே நொந்துகொள்வதில் ஒரு நியாயமும் இல்லை.

அடை வைப்பதும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் முட்டையைச் சேர்த்து வைத்தால், அடைக்கு வைக்கும் முன்பே அந்தச் சூட்டில் கரு பாதி வளரத் தொடங்கிச் செத்துவிடும். 21 நாள் காத்திருந்து பார்த்தால் பாதிக்கு மேல் கூமுட்டை. இடி இடித்தால் கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைக்கிறோம். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முட்டையைச் சேர்த்து வைத்த அறை எவ்வளவு சூடு, எத்தனை நாள் வைத்தோம் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு வாரத்துக்குமேல் பழசான முட்டை எந்தக் காலத்திலும் அடைக்கு ஆகாது. கோடையில் மூன்று நான்கு நாளே அதிகம்.

மழைக்காலத்துக் கதை வேறு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை கொட்டிவிடுகிறது. தரை ஈரம் காயாது. ஈரத் தரையில் நிற்கும் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு இரத்தக்கழிச்சல் வரும். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகும், கொசு கடித்தால் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் அம்மைக் கொப்புளம் கிளம்பும். நனைந்த தீவனத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ராசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஈரம், கிருமி, கொசு. மூன்றும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். தெரிந்த எதிரியோடு மோதுவதற்கு உங்களுக்குத் துணிச்சல் இல்லையா? வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய உங்களுக்கா இல்லை?

சரி, எந்த மாதத்தில் வாங்குவது? மேல்நாட்டுப் புத்தகங்கள் வசந்தகாலம், அதாவது மார்ச், ஏப்ரல் என்று சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் அதிகம். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும், பனியில் குஞ்சு விறைத்துவிடும். அதனால் குளிர் விலகியதும் குஞ்சு எடுக்கிறார்கள். நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான். நம் கோழிக்கு எமன் குளிரில் இல்லை, வெயிலிலும் ஈரத்திலும் இருக்கிறான். அவர்கள் வசந்தம் என்று எழுதிய மாதம் நமக்குத் தார் உருகும் மாதம். இன்னொரு ஊரின் வானத்துக்கு எழுதிய கணக்கை நம் கொல்லையில் போட்டுப் பார்த்துவிட்டு, விடை வரவில்லையே என்று நம்மையே தாழ்த்திக்கொள்வது போதும். நம் வானத்தை நாமே படிப்போம்.

படித்தால் தெரிவது தை மாதம்.

சமவெளியில் இருக்கும் யாராக இருந்தாலும், முதல்முறை வளர்ப்பவருக்கு நான் தை மாதத்தைத்தான் சொல்வேன், அடித்துச் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், தரை இறுகியிருக்கும், கொசு அடங்கத் தொடங்கியிருக்கும். வெயில் இதமாக இருக்கும். டெல்டாவில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகும் நேரம். களத்தில் சிந்திய நெல், ஆலையில் குருணை, தவிடு என்று தீனி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மண்ணுக்கடியில் இன்னும் ஈரம் இருப்பதால் கரையானும் எளிதில் கிடைக்கும். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் பக்கமாகச் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் தூக்கிக் குஞ்சுகள் நடுவே தட்டிப் பாருங்கள். கொத்துகிற அந்த வேகத்தைப் பார்த்தால், செலவில்லாமல் புரதம் கொடுக்கத் தெரிந்த நம் பாட்டிகள் எவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் என்பது புரியும்.

இப்போது மாதங்களை எண்ணுங்கள். தை முதல் வாரத்தில் வந்த குஞ்சுக்குப் பங்குனி முடியும்போது பன்னிரண்டு வாரம். இறகு முழுசாக மூடியிருக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்தில் மூன்றரை மாதம் தாண்டியிருக்கும். முருங்கை நிழலும் மண்சட்டித் தண்ணீரும் கிடைத்தால் கோடையைக் கடந்துவிடும். தீனியைக் காலை ஆறு மணிக்குள்ளும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள், நடுப்பகலில் வயிறு நிறைந்தால் உடம்புச் சூடு இன்னும் ஏறும். ஆடி பிறக்கும்போது ஆறு மாதம். நாட்டுப் பெட்டைகள் ஆடி, ஆவணியில் முட்டைக்கு வரும், வெயில் தணிந்த நேரம் பார்த்து. சேவல்கள் விற்கும் பருவத்துக்கு வந்திருக்கும். ஆடியில் அம்மன் கோயில் கொடை, குலதெய்வப் படையல் என்று நாட்டுச் சேவலைத் தேடி ஆள் வீட்டுக்கே வருவார்கள். அடுத்து வரும் புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது, கறியும் முட்டையும் விலை இறங்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளிலும் அப்படியே. எப்போது விற்பது என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள், எப்போது வாங்குவது என்பது தானாக வந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கணக்கு இது. நாள், நட்சத்திரம் பார்ப்பவர்கள் பாருங்கள். அதே பஞ்சாங்கத்தில் அக்னி நட்சத்திரம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

இன்னொரு பெரிய காரணம் கழிச்சல். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அலறும் ராணிக்கெட் நோய், கோடை தொடங்கும்போது ஊர் ஊராகத் துடைத்துக்கொண்டு போகும். அதனால்தான் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறது. தையில் குஞ்சு எடுத்தவருக்கு அந்த முகாம் சரியான நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும். அதற்கு முன்பே, குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும்போது, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட்டிருக்க வேண்டும். நான்காம் வாரம் மறுபடியும் ஒரு தவணை, எட்டாம் வாரம் ஊசி. சின்ன மருந்துக் குப்பியே பெரும்பாலும் நூறு குஞ்சுக்கு உண்டு, உங்களிடம் பத்துதான் இருக்கும். அதனால் என்ன? உங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் குஞ்சு எடுங்கள். ஒரு குப்பி, ஒரு ஐஸ் பிளாஸ்க், ஒரு விடியற்காலை, எட்டு வீடும் முடிந்தது. மருந்து சூடு படக் கூடாது, கலக்கிய பிறகு தாமதிக்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் கொடுங்கள். ஆனால் உருண்டையை நம்பித் தடுப்பூசியை விட்டவர் வீட்டில்தான் ஒரே இரவில் பஞ்சாரம் காலியாகிறது. பிறகு அதற்கும் ‘ராசி’ என்று பெயர் வைக்கிறார்கள்.

தை மாதத்தில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு, இராத்திரிக் குளிர். முதல் மூன்று வாரம் குஞ்சுக்குச் சூடு நாம்தான் கொடுக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும், அதனால் வட்டம். உள்ளே இரண்டு அங்குலத்துக்கு உமி பரப்பி, முதல் இரண்டு மூன்று நாள் மேலே செய்தித்தாள் விரியுங்கள். நடுவில் ஒரு குண்டு பல்பு, குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி சூடு இருக்க வேண்டும், வாரம் ஏற ஏற மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லையே என்று தயங்காதீர்கள். இரவு பத்து மணிக்குப் போய்ச் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். எல்லாம் பல்புக்கு அடியில் குவிந்துகொண்டு கீச்கீச்சென்று கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். விளிம்போரம் ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம், உயர்த்துங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று வருகிறது, அந்தப் பக்கம் சாக்குக் கட்டுங்கள். பரவலாகப் படுத்து, ஒன்றிரண்டு தீனி கொத்திக்கொண்டு, சிணுங்கலாகச் சத்தம் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. குழந்தை அழுவது பசிக்கா, தூக்கத்துக்கா என்று இருட்டில் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவர்கள் நீங்கள். இது உங்களுக்கு வராது என்று சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

வீட்டில் ஏற்கெனவே அடைக்கோழி இருந்தால் இந்தப் பல்பு வேலையும் இல்லை. மார்கழியில் அடை வையுங்கள், தை பிறக்கும் சமயம் தாய் தன் இறக்கைக்கடியில் கதகதப்போடு குஞ்சை இறக்கிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு நான் சொன்னது தலைகீழ். ஊட்டியில் தை மாதம் உறைபனி விழும், குஞ்சைப் பிழைக்கவைப்பது பெரும்பாடு. நீலகிரியிலும் கொடைக்கானல் மேட்டிலும் பங்குனி, சித்திரைதான் ஏற்ற காலம். கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் ஆனி ஆடியிலேயே சாரல் பிடித்துக்கொள்ளும், அதற்குள் குஞ்சு வளர்ந்திருக்க வேண்டும், ஆகவே தையைத் தள்ளிப்போடக் கூடாது. தையைத் தவறவிட்ட சமவெளிக்காரர்கள் சித்திரையில் அவசரப்படாதீர்கள், ஆடிக் காற்று ஓயட்டும். ஆவணி பிறந்ததும் எடுத்தால் ஐப்பசி அடைமழைக்குள் இரண்டு மாதம் தாண்டி இறகு மூடிவிடும். ஆனால் அதற்கு ஒழுகாத கூரையும் காய்ந்த உமித் தரையும் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஆவணியும் வேண்டாம். இன்னும் சிலர் குஞ்சுச் சிரமமே வேண்டாமென்று முட்டைக்கு நெருங்கிய விடைக்கோழியாக வாங்குவார்கள். அவர்களுக்கு அக்னி நட்சத்திரமும் அடைமழையும் தவிர எல்லா மாதமும் தோதுதான், விடியற்காலையிலோ இரவிலோ ஏற்றி வந்தால் போதும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தையில்தான் ஆசை முளைக்கிறது. ‘பார்க்கலாம், அடுத்த மாசம்’ என்கிறோம். மாசியில் கல்யாண வேலை, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, சித்திரையில் கை ஓய்ந்ததும் போய்க் குஞ்சு வாங்குகிறோம். பிறகு ராசியைத் திட்டுகிறோம். நல்ல பருவம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அது வரும் தேதி நமக்குத் தெரியும், அன்று நம் கொல்லை தயாராக இருக்க வேண்டும். தையில் குஞ்சு இறங்க வேண்டுமானால் கார்த்திகையில் கூடு நிற்க வேண்டும். ‘மழை பெய்கிறதே, இப்போது என்ன செய்ய முடியும்’ என்கிறீர்களா? மழையில்தான் செய்ய வேண்டும்! கொல்லையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலை ஒழுகுகிறது, எந்தத் திசையிலிருந்து சாரல் அடிக்கிறது என்பதை அடைமழை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்காத மேட்டில் நான்கு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். கூடு அங்கேதான்.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போதுதான் கோடை வெயில் உள்ளே விழாது. தரையிலிருந்து இரண்டு மூன்றடி தூக்கிக் கட்டுங்கள், கீரியும் பெருச்சாளியும் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே வர வழி இருக்காது. கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி இடம் இருந்தால் இரவுக்குப் போதும். தென்னங்கீற்றுக் கூரை, மூங்கில் தப்பை, பழைய வலை, இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

பத்துக் குஞ்சு போதும், பதினைந்தைத் தாண்ட வேண்டாம். சிறுவிடை என்னும் நாட்டு ரகம் எடுத்தால் வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை, அடையும் நன்றாகப் படுக்கும், தன் குஞ்சைத் தானே பருந்திடமிருந்து காக்கும். முட்டைதான் முக்கியம் என்றால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கோழி, நந்தனம் கோழி, ஐதராபாத்திலிருந்து வந்த கிராமப்பிரியா என்று இருக்கின்றன, அவற்றிடம் அடைகாக்கும் குணத்தை எதிர்பார்க்க முடியாது. முதல்முறை என்றால் நான் சிறுவிடையைத்தான் சொல்வேன். தெருவில் வரும் கூடையில் வாங்காதீர்கள். ஊரில் நல்ல தாய்க்கோழி வைத்திருப்பவரிடமோ, முதல் தவணை மருந்து எப்போது போட்டோம் என்று தேதி சொல்லத் தெரிந்த பண்ணையிலோ வாங்குங்கள். தையில் எல்லாரும் கேட்பார்கள், கடைசி நேரத்தில் போனால் கழிசல்தான் கிடைக்கும். அதனால் மார்கழி முதல் வாரத்திலேயே முன்பணம் கொடுத்துப் பெயரை எழுதி வையுங்கள். எழுதும்போது, ‘யாருக்குங்க?’ என்று கேட்பார்கள். மாமனார் பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ சொல்லாதீர்கள். ‘எனக்குத்தான்’ என்று சொல்லி உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.